தெற்குப் பார்த்த பால்கனியில் காய்கறி: வெயில், எடை, உவர்நீர் ஆகியவற்றில் எதை முதலில் பார்ப்பது?

கடற்கரைத்தெரு:
அனைவருக்கும் வணக்கம். சித்திரையில் திருவான்மியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆறாவது தளத்திற்குக் குடிவந்திருக்கிறோம். கூடத்தை ஒட்டித் தெற்குப் பார்த்த பால்கனி இருக்கிறது. நீளம் 12 அடி, அகலம் 4 அடி, தடுப்பு முழுவதும் கம்பிதான். சமையலறைச் சன்னல் மேற்கே பார்த்தது. அதற்கு வெளியே ஒன்றரை அடி துருத்திக்கொண்டு இரும்புக் கிரில் கூண்டு ஒன்றைப் பழைய குடித்தனக்காரர்கள் அமைத்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் தொட்டி வைக்கக் குடியிருப்போர் சங்கம் அனுமதிப்பதில்லை. ஆகவே எங்களுக்குக் கிடைத்த தோட்டம் இந்த இரண்டு இடங்கள் மட்டுமே.

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, இரண்டு மூன்று வகைக் கீரை, முடிந்தால் கம்பியில் ஏற்றிவிட ஒரு பாகல் என்று ஆசைப்படுகிறோம். தெற்குப் பக்கம்தான் செடிக்கு மிக நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நாங்கள் வந்ததிலிருந்து பார்க்கிறேன். பால்கனியில் வெளிச்சம் பளிச்சென்று இருக்கிறதே தவிர, தரையில் நேர்வெயில் விழவே இல்லை. பைகளும் மண்ணும் வாங்கும் முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்: இப்போது, வைகாசியில், எதைத் தொடங்கலாம்?

மாம்பலம் மாடி:
வாருங்கள். தயங்க வேண்டியதே இல்லை. பன்னிரண்டு அடி நீளத்தில் 12 அங்குல வளர்ப்புப் பைகள் பத்தைத் தாராளமாக வைக்கலாம். செம்மண் இரண்டு பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேருங்கள். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று பெரியவர்கள் சொன்னது பால்கனிக்கும் பொருந்தும். அதுவரை மண்ணைத் தயார் செய்து ஆறவிடுங்கள். தெற்குப் பக்கம் கிடைத்தது நல்வாய்ப்புதான். வெயில் தானாக வந்துவிடும்.

ஓய்வுபெற்ற உழவன்:
அம்மா, நீங்கள் கண்ணால் பார்த்தது சரி. மாம்பலம் நண்பர் மீது மதிப்பு உண்டு. ஆயினும் வெயில் தானாக வந்துவிடும் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வராது என்பதல்ல, ஆவணிக்கு முன் வராது என்பதே செய்தி.

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் ஜூன் 21 வாக்கில் இருபத்து மூன்றரைப் பாகை வடக்கு வரை போய்த் திரும்புகிறது. அதாவது ஏப்ரல் கடைசி வாரத்தில் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் நமக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில்தான் மறுபடியும் தலைக்கு மேல் வந்து தெற்கே போகிறது. இந்த இடைப்பட்ட நான்கு மாதங்களில் சூரியன் வடகிழக்கில் எழுந்து, வடபுறமாகவே வானத்தைக் கடந்து, வடமேற்கில் மறைகிறது. தெற்குப் பார்த்த சுவரில் அந்நாட்களில் காலை, நண்பகல், மாலை எந்நேரத்திலும் நேர்வெயில் படுவதில்லை. நம் ஊரில் அக்கினி நட்சத்திரம் கொளுத்தும்போது தெற்குப் பால்கனி நிழலில் இருப்பது இதனால்தான். இக்காலத்தில் வெயில் பெறுவது வடக்குப் பார்த்த பால்கனி.

தெற்கே சிறந்தது என்ற பேச்சு குளிர்நாடுகளிலிருந்து வந்தது. டொராண்டோவிலோ இலண்டனிலோ இருக்கும் நம்மவர்களுக்குச் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கேதான் சாய்ந்து போகிறது. அவர்கள் பதிவிடும் காணொளியில் சொல்வது அவர்கள் ஊருக்கு முற்றிலும் உண்மை. அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இனி உங்கள் பால்கனியின் அளவை வைத்துப் பார்ப்போம். மேல் வீட்டுப் பால்கனித் தளம் உங்களுக்குக் கூரையாக 9 அடி உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். செப்டம்பர் 22 வாக்கில் நண்பகல் வெயில் கம்பித் தடுப்பிலிருந்து இரண்டடி வரைதான் உள்ளே விழும். டிசம்பர் கடைசியில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்வதால் ஆறடிக்கு மேல் உள்ளே வரும். உங்கள் நான்கடி அகலம் முழுவதும் வெயிலாகிவிடும். ஆகவே உங்கள் பால்கனிக்குப் புரட்டாசி முதல் பங்குனி வரைதான் காய்கறிக் காலம். தக்காளிக்கும் கத்தரிக்கும் ஐந்து ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். அது ஐப்பசி முதல் மாசி வரை உங்களுக்கு நன்றாகக் கிடைக்கும், மழை மூட்டம் உள்ள நாட்கள் நீங்கலாக.

தக்காளிக்கு வேறொரு காரணமும் உண்டு. இரவு வெப்பம் 24 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். சென்னையில் வைகாசி இரவுகள் அதற்கும் மேலே நிற்பவை. இப்போது வெயில் இருந்தாலும் தக்காளி காய்க்காது. ஆவணிக் கடைசியில் நாற்று விட்டு, இருபத்தைந்து நாள் நாற்றைப் பையில் நட்டால் குளிர்ந்த இரவுகளில் பூக்கும். பெரியகுளம் 1 என்ற ரகத்தை வாங்குங்கள். அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து உருவாக்கப்பட்டது, ஓரளவு உயர்ந்து நின்றுவிடும், பால்கனிக்கு அதுவே போதும்.

கோவைக்கீரை:
ஐயா, மிகத் தெளிவாக இருந்தது. எங்கள் வீடும் தெற்குப் பார்த்ததுதான். கோவைக்கும் இதே கணக்கா?

ஓய்வுபெற்ற உழவன்:
ஆம். கோவை 11 பாகையில் இருப்பதால் ஏப்ரலில் சில நாள் முன்னதாகவும் ஆகஸ்டில் சில நாள் பின்னதாகவும் சூரியன் தலைக்கு மேல் வரும், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்திற்கும் மதுரைக்கும் 10 பாகைக்கு அருகில் என்பதால் இன்னும் சற்று விரியும். ஆனால் உங்கள் ஊர் இரவுகள் சென்னையைவிடக் குளிர்ந்தவை. எனவே தக்காளிக்கு உங்களுக்குக் கூடுதலான மாதங்கள் உண்டு.

மாம்பலம் மாடி:
ஐயா சொன்ன கணக்கை மறுக்கவில்லை. என்னுடையது மொட்டை மாடி என்பதால் திசை பார்க்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை. அப்படியானால் வைகாசியில் அவர்கள் ஒன்றுமே வைக்கக் கூடாதா?

ஓய்வுபெற்ற உழவன்:
வைக்கலாம். நேர்வெயில் இல்லாத பளிச்சென்ற வெளிச்சத்தில் நன்றாக வளரக்கூடிய செடிகள் நம்மிடம் இருக்கின்றன. புதினா, வல்லாரை, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை ஆகிய நான்கையும் இப்போதே தெற்குப் பால்கனியில் வைக்கலாம். சந்தையில் வாங்கிய புதினாக் கட்டில் இலையை ஆய்ந்துகொண்டு, முற்றிய தண்டுகளை நட்டாலே போதும். வல்லாரைக்கு ஈரமும் நிழலும் பிடிக்கும். அதற்கு வெயில் வேண்டும் என்று நினைத்துக் கம்பியோரம் வைப்பவர்கள் இலை வெளிறிப்போவதைப் பார்க்கிறார்கள்.

மேற்குச் சன்னல் கூண்டு ஆண்டு முழுவதும் பிற்பகல் வெயில் பெறும் இடம். அங்கே முளைக்கீரையும் கிள்ளுகீரையும் வைத்துவிடுங்கள். கீரைத்தண்டு இனம் முழுவதும் கரும்பையும் சோளத்தையும் போன்ற ஒளிச்சேர்க்கை முறை உடையது. கடும் வெயிலும் வெப்பமும் அதற்கு ஊக்கம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 என்ற ரகம் கிள்ளுவதற்காகவே உருவானது. விதைத்து மூன்று வாரத்தில் கிள்ளத் தொடங்கி, அதே செடியில் பலமுறை கிள்ளலாம்.

கட்டுமானப் பொறியாளர்:
வெயிலைப் பற்றிப் பேசி முடிந்ததால் எடையைப் பற்றி ஒரு சொல். இது எச்சரிக்கை, அச்சுறுத்தல் அல்ல.

வீட்டுப் பால்கனிகளுக்கு இந்தியத் தர விதி ஐஎஸ் 875, இரண்டாம் பகுதி, சதுர மீட்டருக்குக் குறைந்தது 3 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 300 கிலோ பளுவைத் தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறது. உங்கள் பால்கனி நான்கரைச் சதுர மீட்டர். இந்தப் பளுவில் மனிதர்கள், துணி துவைக்கும் இயந்திரம், கட்டிடத்தோடு சேராத எல்லாமே அடங்கும். மாம்பலம் நண்பர் சொன்ன செம்மண் கலவையை 12 அங்குலப் பையில் நிரப்பி நீர் ஊற்றினால் ஒரு பையே 30 கிலோவுக்குக் குறையாது. பத்துப் பைகள் 300 கிலோ. மொத்தத்தில் பார்த்தால் அளவுக்குள் இருக்கிறது. ஆனால் வெயிலுக்காக அனைத்தையும் கம்பியோரத்தில் வரிசையாக வைப்பீர்கள். ஒரு பக்கம் மட்டுமே சுவரில் பிடிப்புள்ள துருத்துத் தளத்தில், பளு விளிம்பை நோக்கிப் போகப் போக, பிடிமானத்தில் விழும் வளைவு விசை கூடிக்கொண்டே போகும். அதே பைகளைச் சுவரோரம் வைப்பதும் விளிம்பில் வைப்பதும் தளத்திற்கு ஒன்றல்ல.

திருவான்மியூர் கடலோரம். உப்புக்காற்றில் பழைய கட்டிடங்களின் உட்கம்பி துருப்பிடித்திருக்கலாம். பால்கனியின் அடிப்பக்கத்தைக் கீழ்வீட்டிலிருந்து பாருங்கள். விரிசல், துருக்கறை, பூச்சு உதிர்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பொறியாளரிடம் காட்டாமல் ஒரு பையும் வைக்க வேண்டாம். தெரியாவிட்டாலும் எடை குறைந்த கலவையையே தேர்ந்தெடுங்கள்.

சன்னல் கூண்டைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அதைச் சுவரில் பிடித்திருப்பவை நான்கைந்து ஆணிகளாக இருக்கும். பழைய குடித்தனக்காரர் எப்படிப் பொருத்தினார் என்பது உங்களுக்குத் தெரியாது. பற்றவைத்தவரை அழைத்து ஆணிகளைச் சோதித்த பிறகே பெட்டி வையுங்கள். பெட்டிகளைக் கூண்டுக் கம்பியோடு கம்பிக்கட்டு போட்டுக் கட்டுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மாடிகளில் கட்டாமல் வைத்திருந்த எதுவும் நிற்கவில்லை. ஆறாவது தளத்திலிருந்து ஒரு சிறு தொட்டி விழுந்தாலும் கீழே நடப்பவரின் உயிருக்கு ஆபத்து. புயல் அறிவிப்பு வந்தவுடன் பெட்டிகளை வீட்டுக்குள் எடுக்கக்கூடிய எடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாம்பலம் மாடி:
எடை என்று சொல்லி எல்லோரும் தென்னைநார்க் கழிவை நோக்கித் தள்ளுகிறீர்கள். மண்ணில் உள்ள உயிர் அதில் இல்லை. மண்ணில் விளைந்த கத்தரியின் சுவை வேறு. பொறியாளர் சொல்வதை மதிக்கிறேன். பையின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு மண்ணையே பயன்படுத்தலாமே?

உரக்குழி:
மாம்பலம் நண்பரின் அக்கறை சரியானது. தென்னைநார்க் கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும், காற்றோட்டம் தரும், ஊட்டம் தராது. அதை மட்டும் நிரப்பிவிட்டுச் செடி மஞ்சளாகிறதே என்று கேட்பவர்கள் பலர். ஆயினும் மண் மட்டும் என்பதும் பைக்குப் பொருந்தாது. வயலில் மண்புழுவும் வேரும் மண்ணைத் திறந்து வைக்கின்றன. பையில் நாள்தோறும் ஊற்றும் நீரில் செம்மண் இறுகிக் கல்லாகிவிடும். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது.

கன அளவில் தென்னைநார்க் கழிவு பாதி, மண்புழு உரம் கால் பங்குக்குச் சற்று மேல், மீதி செம்மண். இந்தக் கலவை ஈரத்தோடு ஒரு பைக்கு ஏறத்தாழ 20 கிலோவுக்குள் அடங்கும். நூறு கிராம் வேப்பம் புண்ணாக்கு, ஒரு கரண்டி ட்ரைக்கோடெர்மா விரிடி, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகியவற்றைச் சேர்த்துப் பத்து நாள் ஈரமாக நிழலில் வைத்த பின் நடுங்கள். தோட்டக்கலைத் துறை வழங்கும் மாடித்தோட்டத் தொகுப்பிலும் பை, நார்க்கழிவுக் கட்டி, விதையோடு இந்த நுண்ணுயிர்களையே கொடுக்கிறார்கள். மாவட்டத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

நார்க்கழிவு வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, மட்க வைத்ததா என்பது. பச்சைக் கழிவில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அது மட்கும்போது செடிக்குரிய தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முறைப்படி சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கி மட்க வைத்தது கரும்பழுப்பாக இருக்கும். இரண்டு, உப்பு. கடலோரத் தென்னையின் மட்டையிலும், உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலும் உப்பு தங்கியிருக்கும். கட்டியை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து வடிப்பதை மூன்று முறையாவது செய்யுங்கள். பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் அதை நிரப்பி வெந்தயம் விதைத்துப் பாருங்கள். நுனி கருகாமல் முளைத்தால் பையில் போடலாம்.

கடற்கரைத்தெரு:
அனைவருக்கும் நன்றி. பால்கனியின் அடிப்பக்கத்தைக் கீழ்வீட்டு அம்மா காட்டினார்கள், விரிசல் இல்லை. கூண்டைச் சோதிக்க ஆள் சொல்லியிருக்கிறோம்.

உப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறேன். குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் என்று கையடக்கக் கருவி காட்டுகிறது. குடிநீர் வாரிய நீர் சமையலுக்கே அளவாக வருகிறது. ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீர் தினமும் வீணாகிறது. அதைச் செடிக்கு ஊற்றலாமா? குடியிருப்பில் நீரை மென்மையாக்கும் கருவியும் உண்டு. குளியலறைக் குழாயில் வருவது அந்த நீர்தான்.

ஓய்வுபெற்ற உழவன்:
அம்மா, இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். பால்கனித் தோட்டத்தில் நம் கடலோரப் பகுதியில் செடிகள் வாடுவதற்குப் பூச்சியைவிட உப்பே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. இலையின் ஓரம் கருகுவதைப் பார்த்து நோய் என்று மருந்தடிக்கிறார்கள்.

ஆர்ஓ கழிவுநீர் வேண்டாம். மூன்று லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் நல்ல நீராக வெளியே வந்தால், அந்த மூன்று லிட்டரின் உப்பு ஏறத்தாழ முழுவதும் மீதி இரண்டு லிட்டரில் சேர்ந்துவிடுகிறது. உங்கள் ஆழ்துளை நீரை இயந்திரத்தில் விட்டால் கழிவுநீர் 2,100 வரை போகும். குடிநீர் வாரிய நீரை விட்டு வரும் கழிவானால் அதை அளந்து பார்த்து முடிவு செய்யலாம்.

மென்மையாக்கிய நீர் அதைவிட மோசமானது. இதைப் பலர் அறிந்திருப்பதில்லை. அந்தக் கருவி உப்பை நீக்குவதில்லை. நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. துணிக்கும் குழாய்க்கும் நல்லது, செடிக்குக் கேடு. மண்ணின் துகள்கள் பிரிந்து அடைத்துக்கொள்ளும். கருவிக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து நீர் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

1,400 என்பது கைவிட வேண்டிய அளவல்ல. மூன்று வழிகள் உண்டு. குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இல்லை. சென்னையின் ஈரக்காற்றில் ஓர் இரவுக்கு ஒரு வாளி கிடைக்கும். அதை ஆழ்துளை நீரோடு சரிபாதி கலந்தால் 700 ஆகிவிடும். நாற்றுக்கும் புதினாவுக்கும் அதையே கொடுங்கள். மழைக்காலத்தில் கம்பியோரம் பாத்திரம் வைத்துப் பிடியுங்கள்.

அடுத்தது, வடிய விடுதல். செடி நீரை எடுத்துக்கொண்டு உப்பைப் பையிலேயே விட்டுவிடுகிறது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக, அடியில் சொட்டாத அளவுக்கு ஊற்றுகிறவர்களின் பையில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஊற்றும்போது நன்றாக ஊற்றி, ஊற்றியதில் ஆறில் ஒரு பங்காவது அடித்துளை வழியே வெளியேற வேண்டும். வெளியேறிய நீரை மறுபடி பையில் ஊற்றக் கூடாது. அதில்தான் உப்பு போகிறது.

கடைசி வழி, பயிரைத் தேர்தல். பீன்ஸ், முள்ளங்கி, கேரட், வெங்காயம் உப்புக்கு எளிதில் தளரும். தக்காளி நடுத்தரம். காராமணியும் பீட்ரூட்டும் நன்றாகத் தாங்கும். ஆகவே பீன்ஸ் ஆசை இருந்தால் அதை விட்டுவிட்டுக் குத்துக் காராமணி போடுங்கள். அது பூத்துக் காய்க்க அதிக நாளும் ஆகாது.

நான்காம் தளத்து வீடு:
வடிய விடச் சொல்கிறீர்கள். அடுக்குமாடியில் கீழே குடியிருப்பவளாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மேல்வீட்டுத் தொட்டி நீர் செம்மண் கலந்து எங்கள் துணிக்கொடியில் சொட்டிச் சொட்டிப் பெரிய மனத்தாங்கலாகிவிட்டது. செடி வளர்ப்பதை நான் எதிர்ப்பவள் அல்லள். என் வீட்டிலும் துளசியும் கற்பூரவல்லியும் இருக்கின்றன. பைகளை இரும்புத் தாங்கியில் அரையடி உயர்த்தி வைத்து, அடியில் நீண்ட தட்டு வைத்து, அந்தத் தட்டை அன்றன்றே கவிழ்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தேங்க விட்டால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தட்டில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். பையைத் தரையோடு வைத்தால் தளத்தில் ஈரம் இறங்கிப் பூச்சும் கெடும்.

கடற்கரைத்தெரு:
நீங்கள் கேட்டது முழு நியாயம், அக்கா. தாங்கியும் தட்டும் இல்லாமல் தொடங்குவதில்லை.

மேற்குச்சன்னல்:
மேற்கு வெயிலில் பல காலமாகப் பெட்டி வைத்து வளர்ப்பவள் என்ற முறையில் சில சொற்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம். பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை அடிக்கும் வெயிலில் கறுப்புப் பெட்டியின் ஓரம் கையால் தொட முடியாத அளவுக்குச் சுடும். அந்தப் பக்கத்து வேர் வெந்துவிடும். வெள்ளை அல்லது வெளிர் நிறப் பெட்டி, ஆழம் குறைந்தது 6 அங்குலம், மேலே காய்ந்த தென்னைநார் அல்லது சருகு மூடாக்கு. இவை மூன்றும் இருந்தால் கீரை ஆண்டு முழுவதும் வரும்.

ஆறு அங்குலப் பெட்டியில் கத்தரியையும் வெண்டையையும் வைக்காதீர்கள். அவற்றின் வேர் ஆழம் கேட்கும். மிளகாய் எட்டு அங்குலத்தில் வரும். கொத்தமல்லியைக் கார்த்திகைக்குப் பின் தூவுங்கள். கோடை வெப்பத்தில் இலை விடும் முன்பே பூத்துவிடும்.

மேற்கில் பூச்சியென்றால் சிவப்புச் சிலந்திதான். வறண்ட வெப்பத்தில் இலையின் அடிப்பக்கத்தில் பெருகும். இலையில் வெளிறிய புள்ளிகளும் மெல்லிய வலையும் தெரியும். வாரம் இருமுறை இலையின் அடிப்பக்கம் படும்படி நீரை வேகமாகத் தெளித்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். மிஞ்சினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயோடு சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்தி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாம்பலம் மாடி:
பயனுள்ள குறிப்பு. உரத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள், தக்காளியின் அடி கறுப்பது நின்றுவிடும். வாழைப்பழத் தோல் ஊறவைத்த நீர், அரிசி கழுவிய நீர், தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர்க் கரைசல் ஆகியவை போதும். கடை உரமே வேண்டாம்.

உரக்குழி:
முட்டை ஓட்டைப் பற்றி மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது கால்சியம் கார்பனேட், அமிலத்தில்தான் கரையும். நம் ஆழ்துளை நீர் காரத்தன்மை உடையது. அதில் கால்சியமும் முன்பே இருக்கிறது. ஓடு அப்படியே மாதக்கணக்கில் கிடக்கும். தக்காளியின் அடி கறுப்பது பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இல்லாததால் அன்று; இருக்கிற கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால். கால்சியம் நீரோட்டத்தோடுதான் செடிக்குள் நகர்கிறது. ஒரு நாள் வாடவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினாலும், பையில் உப்பு ஏறியிருந்தாலும் காயின் அடிக்கு அது எட்டாது. எனவே ஐயா சொன்ன நீர் ஒழுங்கே இதற்கு மருந்து.

மற்றவற்றில், அரிசி கழுவிய நீர் தீங்கில்லை, பெரிய ஊட்டமும் இல்லை. கடலைப் புண்ணாக்கில் ஏறத்தாழ 7 விழுக்காடு தழைச்சத்து இருக்கிறது. ஒரு கைப்பிடியை மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு நீர்த்து, இரு வாரத்திற்கு ஒருமுறை ஊற்றினால் கீரை கரும்பச்சையாக நிற்கும். வாடை வரும் என்பதால் மூடிபோட்ட வாளியில் ஊறவையுங்கள். அடுத்த வீட்டாரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காய்க்கும் செடிக்கு மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை மேலே இட்டுக் கிளறிவிடுங்கள். பஞ்சகவ்யம் தெளிப்பதானால் லிட்டருக்கு 30 மில்லி.

மாம்பலம் மாடி:
காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்வதில் தடையில்லை. எங்கள் மாடியில் நீர் ஒழுங்காகச் சொட்டுநீரில் போகிறது. கறுப்பு நின்றது அதனாலும் இருக்கலாம். தேமோரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பூப்பதற்கு முன் அதைத் தெளித்துவந்த செடிகள் எங்கள் வீட்டில் நன்றாகவே பூத்திருக்கின்றன.

கடற்கரைத்தெரு:
ஆறாவது தளத்திற்கு வண்டும் தேனீயும் வருமா என்ற ஐயமும் இருக்கிறது. புறா நிறைய வருகிறது, தேனீயைக் கண்டதில்லை.

மேற்குச்சன்னல்:
புறாவுக்கு நைலான் வலை தவிர வேறு வழியில்லை. முளைக்கும் கீரையை அடியோடு பிடுங்கிவிடும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றில் ஒரே பூவில் இரு பாலும் இருப்பதால் தேனீ இன்றியே காய்க்கும். காலை எட்டு முதல் பத்து மணிக்குள் பூக்காம்பை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். மகரந்தம் உதிர்ந்து சூல்முடியில் படும். கத்தரியில் சூல்தண்டு குட்டையான பூக்கள் உதிரத்தான் செய்யும். நீண்ட சூல்தண்டு உள்ளவைதான் காயாகும். அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

பாகலில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. முதலில் ஆண்பூக்களே வரும். பின் அடியில் சிறு பிஞ்சோடு வருவது பெண்பூ. பாகல் பூ காலையில் விரியும்; ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவுங்கள். பீர்க்கும் சுரையும் மாலையில் விரிபவை, புடலை இரவில் விரிவது. அவற்றைக் காலையில் தேடினால் வாடியிருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் விரியும் பீர்க்கே வசதி.

கடற்கரைத்தெரு:
எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டேன். இப்போதைக்குப் பால்கனியில் புதினா, வல்லாரை, பொன்னாங்கண்ணி, கம்பியில் ஏற்றக் கொடிப்பசலை. கூண்டைச் சோதித்து முடித்ததும் அங்கே வெள்ளைப் பெட்டிகள் இரண்டில் கிள்ளுகீரையும் முளைக்கீரையும், எட்டு அங்குலப் பெட்டி ஒன்றில் மிளகாயும். ஆவணிக் கடைசியில் தக்காளிக்கும் கத்தரிக்கும் நாற்று. புரட்டாசியில் அவற்றைக் கம்பியோரம் நான்கைந்து பைகளில் நட்டு, மார்கழியில் வெயில் உள்ளே வரும்போது சுவரோரம் நகர்த்திவிடலாம் என்று எண்ணுகிறோம். பாகலை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கிறோம். கீரை விதை கடுகைவிடச் சிறியதாக இருக்கிறது. சீராகத் தூவ வரவில்லை, ஓரிடத்தில் குவிந்துவிடுகிறது. அதற்கு என்ன செய்வது?

ஓய்வுபெற்ற உழவன்:
நல்ல திட்டம், அம்மா. பைகளுக்கு உருளை வைத்த தாங்கி வாங்கினால் நகர்த்துவது எளிது. மிளகாய்ப் பெட்டி கூண்டில் தனியாக இருக்கட்டும். கீரைக்கு வேண்டிய நீர் அதற்கு அதிகம்.

விதையை அதைப்போல் பத்து மடங்கு உலர்ந்த மெல்லிய மணலோடு கலந்து, முதலில் பெட்டியின் நீளவாக்கில் ஒருமுறையும், பிறகு குறுக்குவாக்கில் ஒருமுறையும் தூவுங்கள். மேலே விதை மறையும் அளவுக்கு மட்டும் மண்புழு உரத்தைச் சலித்துப் போட்டு, உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். வாளியால் ஊற்றாமல் பூவாளியால் தெளியுங்கள். முளைக்கும்வரை ஈரச் சாக்கு ஒன்றை மேலே போர்த்தி, மூன்றாம் நாள் முளை தெரிந்தவுடன் மாலை வேளையில் எடுத்துவிடுங்கள். நெருக்கமாக முளைத்த நாற்றுகளைப் பிடுங்கி எறிய வேண்டாம், வேரை அரிந்துவிட்டு அன்றைய பருப்பில் போடலாம்.